லைனில் இரண்டு அம்மா

பேரம் பேசத் தெரிந்தவர்களிடம் ஒரு குறை உண்டு. உலகமே தங்கள் ஒரு கடைக்கு முன்னால்தான் நிற்கிறது என்று நம்பிவிடுவார்கள். பின்பக்கம் இன்னொருத்தி கடை விரித்து, அதே சரக்கை அதே குரலில் கூவி விற்றுக்கொண்டிருப்பது காதில் விழாது.

வக்கீலம்மா அப்படித்தான் ஏமாந்தாள். வக்கீலம்மா என்பது வெளிநாட்டுச் சலவைக்கூடத்தில் கூட வேலை செய்யும் பெண்கள் வைத்த பெயர். சட்டத்துக்கும் அவளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பெரிய பெரிய ஓட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்து அனுப்பும் இடம் அது. அங்கே ஓய்வறைக்கு மின்விசிறி வாங்கித் தந்தவள் அவள். கர்ப்பிணிக்கு உட்கார நாற்காலி வாங்கித் தந்தவளும் அவள்தான். மேற்பார்வையாளரிடம் எதைக் கேட்டாலும் "ஆகட்டும், பாக்கலாம்" என்பார்; அதனால் அவருக்கு ஆகட்டும் என்றே பெயர் விழுந்துவிட்டது. மற்றவர்கள் அந்த ஒரு வார்த்தையில் திரும்பிவிடுவார்கள். வக்கீலம்மா மட்டும் "எப்போ ஆகட்டும்?" என்று கேட்டுக்கொண்டு நிற்பாள். விசிறி வரும்.

மகளையும் அப்படியேதான் வளர்த்தாள், கடல் தாண்டி, கைபேசி வழியாக. கணவர் பிரிந்துபோய் வருடங்களாகின்றன. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பெண் ஊரில் சித்தி வீட்டில் இருந்தாள். காலையில் வீடியோ அழைப்பில் எழுப்புவது, சர்க்கரை டப்பாமேல் கைபேசியைச் சாய்க்கச் சொல்லிச் சாப்பிடவைப்பது, சாயங்காலம் பாடம் கேட்பது எல்லாம் ஒழுங்காக நடந்தது. "நாக்கை நீட்டு. நகத்தைக் காட்டு. புத்தகத்தைக் காட்டு, இப்போ பக்கத்தைத் திருப்பு." மகள் காட்டுவாள். அந்த வீட்டில் கைபேசிக்குத் தெரிகிற பாதிக் குளிர்பெட்டியும் ஒரு ஜன்னல் மூலையும் வக்கீலம்மாவுக்கு மனப்பாடம். மீதி வீடு எப்படி இருக்கும் என்று அவள் யோசித்ததில்லை. கண்ணில் பட்டதெல்லாம் கைக்குள் இருக்கிறது என்று எண்ணம்.

ஒரே ஒரு இடத்தில் சறுக்கினாள். பள்ளிக்கூடத்துச் செய்திகள் வெளிநாட்டு எண்ணுக்கு வந்து சேரவில்லை. "அதுக்கென்ன, உன் நம்பரையே அம்மா நம்பர்னு குடுத்துடு. வர்றதை எனக்கு அனுப்பு" என்று மகளிடம் அவளே சொன்னாள். கல்லாச் சாவியைக் கொடுத்துவிட்டுக் கணக்கை மட்டும் நான் பார்க்கிறேன் என்ற கதைதான்.

அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் தங்கை கூப்பிட்டாள். மருந்துக்கடைக் கல்லாவிலிருந்து பேசுகிறவள் எப்போதும் அவசரமாகத்தான் பேசுவாள். அன்று நிதானமாக இருந்தாள். அதுவே சரியில்லை.

"அக்கா, உன் பிள்ளை, நீ எடுக்கற முடிவு. நான் தலையிடலை. ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சோறு போடறவ நானில்லையா?"

"என்ன முடிவுடி?"

"தெரியாத மாதிரி கேளு. அவளைப் படிப்பை நிறுத்தி உன்கிட்டயே கூப்பிட்டுக்கறியாமே. அவ கிளாஸ் டீச்சர் தலைவலி மாத்திரை வாங்க வந்துச்சு. 'நாளைக்குப் பேரை எடுத்துடறோம், அம்மாவோட போய்ச் சேரப்போறா, சந்தோஷமா இருக்கு'ன்னு சொல்லிட்டுப் போகுது. நான் கல்லாவில முழிச்சுட்டு நிக்கறேன்."

வக்கீலம்மாவின் கையிலிருந்த கரண்டி டப்பாவுக்குள் இறங்கியது. "யார் சொன்னதாம் அந்த டீச்சருக்கு?"

"நீதான். போன்ல. மாசக்கணக்கா நீங்க ரெண்டு பேரும் பேசிக்கறீங்களாமே."

வக்கீலம்மா அந்த ஆசிரியையோடு வாழ்நாளில் ஒரு வார்த்தை பேசியதில்லை. தங்கையும் அதற்குள் புரிந்துகொண்டாள். மகளின் குரல் அம்மாவின் குரலேதான் என்று சொந்தக்காரர்கள் சொல்லிச் சொல்லி மகிழ்ந்த காலம் ஒன்று உண்டு.

"நான் இப்பவே போய் உண்மையைச் சொல்லிடறேன்" என்றாள் தங்கை.

"இரு. அவசரப்படாத. பேர் போனா என்ன ஆகும்?"

"இந்த வருஷப் பரீட்சை எழுத முடியாது. எடுத்த பேரைத் திரும்பச் சேர்க்க மாட்டாங்களாம்."

"அந்த டீச்சர் நம்பரைக் குடு. நீ பிள்ளைகிட்ட ஒண்ணும் கேட்டுக்காத."

ஆசிரியை மூன்றாவது மணியில் எடுத்தார். வக்கீலம்மா மகளின் பெயரைச் சொல்லி, "அவளோட அம்மா பேசறேன். அந்தப் பேரை எடுக்கற வேலையை நிறுத்துங்க" என்றாள்.

மறுமுனையில் ஆசிரியை, "குரல் அப்படியேதான் இருக்கு" என்றார், ஏதோ துணியின் சாயத்தைப் பரிசோதிப்பவர்போல. "அவங்க சொன்னது சரிதான்."

"யாரு சொன்னாங்க?"

"பிள்ளையோட அம்மா. 'எனக்கு ஒரு நாத்தனார் இருக்கா டீச்சர், என்னை மாதிரியே பேசிக் காட்டுவா. பிள்ளை என்கிட்ட வந்து சேர்றது அவளுக்குப் பொறுக்கலை. கடைசி நேரத்துல உங்களுக்குப் போன் பண்ணுவா'ன்னு போன வாரமே சொல்லிட்டாங்க. சரியா கடைசி நேரத்துல பண்ணிட்டீங்க."

வக்கீலம்மா பல வசவுகளைக் கேட்டவள். ஆனால் தன் நாத்தனாராகவே தன்னை ஒருவர் எண்ணிவிட்டது, வசவுகளில் சேராத ஒரு புது ரகம். அந்த நாத்தனாரோடு அவள் பேச்சை நிறுத்தியதே கல்யாணத்துக்கு மறுநாள்.

"டீச்சர், நான் வீடியோவுல வர்றேன். முகத்தைப் பாருங்க."

"பார்த்து? அவங்க முகத்தை நான் பார்த்ததில்லையே. அவங்க இருக்கற இடத்துல வீடியோ வராது. சிக்னல் கிடையாது."

"நல்லா வரும். எனக்கு எப்பவும் முழுசா வரும்."

"பாருங்க, அதுலயே மாட்டிக்கிட்டீங்க."

"கேளுங்க டீச்சர், என்ன வேணா கேளுங்க. எப்போ பொறந்தா, எந்த ஆஸ்பத்திரி, எந்தப் பல்லு முதல்ல முளைச்சுது..."

"அத்தைக்கு அதெல்லாம் தெரியாதா?" ஆசிரியையின் குரலில் கோபம் இல்லை. அவர் வேறொருத்திக்காக இரக்கப்பட்டுக்கொண்டிருந்தார். "ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தம்மா போனை எடுத்ததும் 'சாப்டீங்களா டீச்சர்'னுதான் ஆரம்பிப்பாங்க. என் மாமியாருக்குக் கால் வலின்னா ஒத்தடம் எப்படிக் குடுக்கணும்னு சொல்லிக்குடுத்ததே அவங்கதான். நீங்க எடுத்ததும் 'நிறுத்துங்க'ன்னீங்க. அம்மா யாரு, அதிகாரம் யாருன்னு எனக்குத் தெரியாதா?"

வக்கீலம்மா கணக்குப் போட்டுப் பார்த்தாள். சரக்கு தன்னுடையது, கடையும் தன்னுடையது. போலிதான் அதிகம் விற்கிறது.

கடைசியில் ஆசிரியை ஒரு படி இறங்கினார். "பிள்ளை தன் வாயால 'வேண்டாம் மிஸ்'னு சொன்னா நிறுத்தறேன். நாளைக்குக் காலையில ஹெட்மாஸ்டர் கையெழுத்துப் போடறதுக்குள்ள."

தங்கை திரும்ப அழைத்து நடந்ததைக் கேட்டுக்கொண்டாள். "இன்னும் எதுக்கு யோசனை? நான் ஒரு நடை போய் 'இதுதான் அம்மா'ன்னு சொன்னா முடிஞ்சுது."

"முடியாது" என்றாள் வக்கீலம்மா. "நாளைக்கு நிறுத்திடலாம். அடுத்த வாரம் வேற வழி கண்டுபிடிப்பா. பூட்டு மாத்த மாத்தச் சாவி செஞ்சுட்டே இருப்பா. அவளே வேண்டாம்னு சொல்லணும்."

"அவ எங்க சொல்லப்போறா?"

"சொல்லவைக்கறேன்."

மதியத்துக்கு மேல் உருளை இயந்திரத்தில் நின்றாள். இந்தப் பக்கம் இரண்டு பெண்கள் ஈர விரிப்பின் முனைகளைப் பிடித்து உள்ளே ஊட்டினால், சுடும் உருளைகள் இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் காய்ந்த மொடமொடப்பாகத் தள்ளும். எதிர் முனையைப் பிடிப்பவள் வேறு நாட்டுக்காரி. இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது. அவள் சீட்டியடித்துத்தான் வேகம் சொல்வாள். அன்று அவள் எவ்வளவு வேகமாகச் சீட்டியடித்தாலும் வக்கீலம்மா அதற்கு முந்திக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு விரிப்போடும் ஒரு வாதத்தை மடித்து வைத்தாள். அழுவது வேண்டாம், அது மலிவு. மிரட்டுவது வேண்டாம், அது பொய்யென்று பிள்ளைக்குத் தெரியும். காரணத்தை முதலில் அவள் வாயிலிருந்து வரவைக்க வேண்டும். எதிராளிக்கு என்ன வேண்டும் என்று தெரியாமல் விலை சொல்கிறவன் வீட்டுக்கு வெறும் பையோடுதான் போவான்.

வேலை முடிந்ததும் ஓய்வறையில் உட்கார்ந்து அழைத்தாள். பாதிக் குளிர்பெட்டிக்கு முன்னால் மகள் தட்டோடு வந்தாள்.

"சாப்டியா பாப்பா?"

"பாப்பான்னு கூப்பிடாதம்மா. சாப்பிட்டுட்டுத்தான் இருக்கேன்."

"இன்னைக்கு உன் டீச்சரோட பேசினேன்."

மகளின் கை தட்டிலேயே நின்றது. "எந்த டீச்சர்?"

"மாமியாருக்குக் கால் வலிக்குதே, அந்த டீச்சர். என் நாத்தனாரா இருந்துதான் பேச முடிஞ்சுது."

மகள் உதட்டைக் கடித்தாள். சிரிப்பா பயமா என்று கைபேசி காட்டவில்லை. அதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. வக்கீலம்மாவும் சொல்லவில்லை. பேரத்தில் விலை கேட்ட பிறகு முதலில் வாய் திறக்கிறவர் தோற்றார் என்பது அவளுக்குத் தாய்ப்பாலோடு வந்த பாடம். அதே பாலைத்தான் மகளும் குடித்திருந்தாள். இரண்டு பேரும் அசையாமல் பார்த்துக்கொண்டார்கள். மகளின் முகம் இமைகூடக் கொட்டாமல் நின்றது. லைன் உறைந்துவிட்டதோ என்று வக்கீலம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. நேரில் என்றால் மூச்சு தெரியும். இங்கே என்ன தெரியும்? பேரைக் காப்பாற்ற இருப்பது நாளைக் காலைவரை மட்டும்.

"ஹலோ" என்றாள் வக்கீலம்மா. "கேக்குதா? கட் ஆயிடுச்சா?"

"கேக்குது" என்றாள் மகள். தோற்றது யார் என்று இருவருக்கும் தெரிந்தது.

"எதுக்குடி இப்படிப் பண்ணே?"

"வேலை பாத்துட்டேன். போன் ரிப்பேர் கடையில. எனக்கு நல்லா வருதுன்னு முதலாளி சொன்னார். சொல்லாம படிப்பை விட்டு நின்னா ஸ்கூல்ல இருந்து சித்தியைக் கேப்பாங்க. முறையா நின்னுட்டா யாரும் கேக்க மாட்டாங்க. நான் சம்பாதிக்கறேன், நீ வந்துடு."

"நீ படிச்சு முடி. வந்துடறேன்."

"முடிச்சா காலேஜ்னு சொல்லுவ. அப்புறம் வேலைன்னு சொல்லுவ, அப்புறம் கல்யாணம்னு சொல்லுவ. பேசி முடிச்ச பிறகு விலையை ஏத்தறது தப்புன்னு எனக்குச் சொல்லிக்குடுத்தது யாரு?"

வக்கீலம்மா வாதங்களில் அடுத்ததை எடுக்கப் போனாள். மகள் முந்திக்கொண்டாள்.

"இடது கையைக் காட்டு."

"என்ன?"

"இடது கை. நீ போனை எப்பவும் இடது கையிலதான் பிடிப்ப. இப்பல்லாம் வலது கையில பிடிக்கற. தலை சீவறப்பகூட இடது கை மேல வர்றதில்லை. என்கிட்ட நாக்கை நீட்டு, நகத்தைக் காட்டுன்னு எல்லாம் கேக்கத் தெரியுது இல்ல? காட்டு."

இல்லை, வலி இல்லை, ஒன்றுமில்லை என்று மூன்று வார்த்தைகள் வக்கீலம்மாவின் தொண்டைவரை வந்தன. பொய்யைச் சொன்னால் பேரம் முறிந்துவிடும் என்று அவளுக்குள் இருந்த வியாபாரிக்குத் தெரிந்தது. சட்டையின் நீளக்கையை மடித்துவிட்டாள். மணிக்கட்டிலிருந்து புறங்கைவரை தோல் காய்ந்த பாலாடைபோலச் சுருங்கி மினுமினுத்தது. விரிப்பின் முனையோடு கையும் உருளைவரை போய்வந்த அடையாளம்.

மகள் திரைக்கு வெகு அருகில் வந்தாள். ஒரு கண்ணும் பாதி நெற்றியும்தான் தெரிந்தன.

"யார் பண்ணாங்க?"

"யாரும் பண்ணலைடி. மெஷின். ஆறிடுச்சு."

"கை உள்ள போனா நிக்காதா அது?"

"நிக்கும். முன்னாடி ஒரு தடுப்புக் கம்பி இருக்கு. கை பட்டா மெஷின் நின்னுடும். விரிப்பு பட்டாலும் நிக்குது, வேலை தேங்குதுன்னு அதைத் துணியால கட்டி வெச்சுட்டாங்க."

"கட்டி வெச்சதுக்கு நீ என்ன சொன்னே?"

வக்கீலம்மா கையைத் திரையிலிருந்து இறக்கினாள்.

"விசிறிக்குச் சண்டை போட்ட. யாரோ ஒருத்திக்கு நாற்காலி வாங்கிக்குடுத்த. அதெல்லாம் எங்கிட்டப் பெருமையா சொன்ன. உன் கைக்கு?"

"வேலையை விட்டு அனுப்பிட்டாங்கன்னா? உன் படிப்பு என்ன ஆகும்னு..."

"இப்ப மட்டும் என்ன ஆச்சு?"

ஓய்வறை விசிறி தலைக்குமேல் சுற்றிக்கொண்டிருந்தது. வக்கீலம்மா ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள். மகளுக்கு என்ன வேண்டும் என்று இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு பேசத் தயங்குகிறவள் அல்ல அவள்.

"சரி. உன் விலையைச் சொல்லு."

"நீ அந்த மெஷின்ல இனிமே நிக்கக்கூடாது. கம்பியில கட்டின துணியை அவுக்கணும். அது நடந்தா நான் மிஸ்கிட்டப் பேசறேன்."

"கேக்கறேன்."

"எப்போ?"

"ஆகட்டு..." என்று ஆரம்பித்தவள் அந்த வார்த்தையைத் தானே காதில் கேட்டு நிறுத்திக்கொண்டாள். "இப்போ. அவர் ரூம்லதான் இருக்கார். ஆனா நீ பரீட்சை எழுதணும். எழுதி முடிச்சப்புறம் போன் கடையா காலேஜான்னு பேசலாம். பேசத்தான் செய்வேன், இப்பவே ஒத்துக்கமாட்டேன்."

"முதல்ல நீ. போனை கட் பண்ணாத, நான் கேக்கணும்."

"என் மேல நம்பிக்கை இல்லையா?"

"உனக்கு என்மேல இருந்தா நகத்தைக் காட்டச் சொல்வியா?"

சட்டைப்பையில் கைபேசியைப் போட்டுக்கொண்டு வக்கீலம்மா எழுந்தாள். கதவருகே நின்றவள், பைக்குள் பார்த்து மெதுவாகக் கேட்டாள். "அந்த டீச்சர்கிட்ட அப்படித் தேனா பேசினியே, எங்க கத்துக்கிட்டே?"

"எனக்குக் காய்ச்சல் வந்தா நீ அப்படித்தான் பேசுவ" என்றது பை.

ஆகட்டும் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றார். அவள் வாசலை அடைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். "ஆகட்டும், பாக்கலாம்."

வக்கீலம்மா உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உட்கார்ந்தா எப்படிம்மா? நான் கதவைப் பூட்டணும்."

"பூட்டுங்க. நான் உள்ள இருக்கேன்."

அவர் பெருமூச்சு விட்டார். "அந்தக் கம்பியால மெஷின் நின்னு நின்னு ஓடுது. சரக்கு தேங்குதே."

"என் கை உள்ள போன அன்னைக்கு எவ்வளவு நேரம் நின்னுச்சு? அன்னைக்குத் தேங்கலையா?"

"அடுத்த மாசம் மெக்கானிக் வருவான். பாத்துச் சொல்லட்டும்."

"கட்டினது மெக்கானிக்கா சார்? கட்டறதுக்கு உங்க கை போதும், அவுக்கறதுக்கு மட்டும் மெக்கானிக்கா?"

அவர் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார். "உன்னை மடிக்கற மேசைக்கு மாத்தினா அங்க யார் நிப்பா?"

"கம்பி வேலை செஞ்சா யார் வேணா நிப்பாங்க. செய்யலைன்னா நாளையிலிருந்து யாரும் நிக்கமாட்டாங்க. சீட்டிக்காரியைக் கேட்டுப் பாருங்க."

வாசலில் சீட்டிக்காரி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். பேச்சில் ஒரு வார்த்தையும் அவளுக்குப் புரிந்திருக்காது. வக்கீலம்மாவின் கைத் தழும்பைப் பார்த்து விஷயம் எதைப் பற்றியது என்று புரிந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. யாருக்கு விசிறி, யாருக்கு நாற்காலி என்பது அந்தத் தலைகளுக்குத் தெரியும்.

"வர்ற திங்கட்கிழமை..." என்று ஆகட்டும் தொடங்கினார்.

"இன்னைக்குன்னு கேளும்மா" என்றது பை.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "யாரது?"

"என் பொண்ணு சார். ஊர்ல இருந்து கேட்டுட்டிருக்கா."

"எதுக்கு?"

"நான் கேக்கறேனா இல்லையான்னு பாக்க."

ஆகட்டும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார், பைக்குள்ளிருந்து அவரைப் பார்க்க முடியும் என்பதுபோல. "எந்தக் கிளாஸ்?" என்று கேட்டார், வேறு குரலில்.

"கடைசி வருஷம். படிப்பாளா நிப்பாளான்னு இப்போ உங்க வாயில இருக்கு."

அவர் இழுப்பறையைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தார். எல்லாருமாக உருளை இயந்திரத்துக்குப் போனார்கள். அழுக்கேறிய துணி முடிச்சு அவிழ மறுத்தது. அவரே குனிந்து வெட்டினார். சீட்டிக்காரி இயந்திரத்தை ஓடவிட்டு, ஒரு விளக்குமாற்றுக் குச்சியால் கம்பியைத் தட்டினாள். உருளைகள் நின்றன. மறுபடி ஓடவிட்டுத் தட்டினாள். மறுபடி நின்றன.

"நாளையிலிருந்து மடிக்கற மேசை" என்றார் ஆகட்டும், யாரையும் பார்க்காமல்.

வக்கீலம்மா வெளியே நடைபாதைக்கு வந்து கைபேசியை எடுத்தாள். வெயில் இன்னும் மிச்சமிருந்தது. "கேட்டுச்சா?"

"கேட்டுச்சு." மகளின் குரல் சிறுத்திருந்தது. தன் முறை வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும். "மிஸ் என்னை என்ன நினைப்பாங்க? அவங்க மாமியார் விஷயமெல்லாம் என்கிட்டச் சொல்லியிருக்காங்க. நாளைக்குச் சொல்லவா?"

"பேசினது பேசினதுதான். உன் போன்ல இருந்தே அவங்களையும் லைன்ல சேத்துக்கோ. நான் கூட இருக்கேன்."

"நீ வாயைத் திறக்கக்கூடாது."

"திறக்கமாட்டேன்."

ஆசிரியை எடுத்ததும், "சொல்லுங்கம்மா, சாப்டீங்களா?" என்றார். வக்கீலம்மா தன் ஒலியை அடைக்கும் பொத்தானை அழுத்திவிட்டு, அதன்மேலேயே கட்டை விரலை வைத்துக்கொண்டாள். மறுபடி அழுத்தினால் பேசிவிடுவாள், மகளுக்கு முட்டுக்கொடுக்க எத்தனையோ வார்த்தை கையில் இருந்தது.

"மிஸ், இது அம்மா இல்லை. நான்தான். எப்பவுமே நான்தான். மதியம் பேசினதுதான் அம்மா."

அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"ஒத்தடம் குடுக்கச் சொன்னதும் நீயா?"

"ஆமா மிஸ்."

"என் வீட்டுக் கதையெல்லாம்..."

"யார்கிட்டயும் சொல்லலை மிஸ். பேரை எடுக்கவேண்டாம். நான் பரீட்சை எழுதறேன்."

ஆசிரியை, "நாளைக்கு மணி அடிக்கறதுக்கு முன்னாடி என் முன்னாடி வந்து நில்லு. பேர் இருக்கும். மத்ததை நேர்ல பேசறேன்" என்றார். பிறகு, "உங்கம்மா லைன்ல இருக்காங்களா?"

"இருக்காங்க மிஸ்."

வக்கீலம்மா பொத்தானை மறுபடி அழுத்தினாள். "இருக்கேன் டீச்சர்."

ஆசிரியை ஆரம்பித்தார். பிள்ளையின் எண்ணையே பெற்றவள் எண்ணாகக் கொடுக்கவைத்த புத்தியைப் பற்றி, இத்தனை மாதத்தில் ஒருமுறைகூடப் பள்ளிக்கூடத்தைக் கூப்பிட்டுக் கேட்காத அம்மாவைப் பற்றி, வீடியோவில் நாக்கைப் பார்த்துவிட்டால் பிள்ளையைப் பார்த்ததாகிவிடுமா என்பதைப் பற்றி. எதிர்வாதம் ஒவ்வொன்றுக்கும் வக்கீலம்மாவிடம் இருந்தது. அவள் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து, கைபேசியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, சொன்ன விலைக்கே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.